நாற்பது துண்டுகளில் அரிஸ்டாட்டிலின் லாந்தர்: மாதிரிக்குப் பாராட்டு, கையேட்டுக்குக் குட்டு

அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரியை வாங்கலாம். கூட வரும் கையேட்டை ஓரமாக வைத்துவிடலாம். மாதிரியை வடிவமைத்தவருக்குக் கடல் முள்ளெலியை நன்றாகத் தெரிந்திருக்கிறது. கையேட்டை எழுதியவருக்குக் கடல் முள்ளெலியையும் தெரியவில்லை, லாந்தரையும் தெரியவில்லை, அரிஸ்டாட்டில் பக்கம் அவர் போகவே இல்லை.

பொருள் இதுதான். கடல் முள்ளெலி என்பது உருண்டை ஓட்டின் மேல் முட்கள் நிறைந்த கடல் உயிர். அதன் வாய்க்குள் ஒரு தாடைக் கருவி இருக்கிறது. விலங்கியலில் அதற்கு ‘அரிஸ்டாட்டிலின் லாந்தர்’ என்று பெயர். கடல் அர்ச்சின் என்ற பெயரில் படித்தவர்களுக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம்: முட்தோலிகள் பாடத்தில் ஒரு படம், அதைச் சுற்றிச் சில அம்புக்குறிகள், அதோடு சரி. அந்தத் தாடையை இரண்டு கைகளையும் குவித்த அளவுக்குப் பெரிதாக்கி, முப்பரிமாண அச்சில் துண்டு துண்டாக எடுத்து, நாமே கோர்த்துக்கொள்ளும்படி ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

நான் கல்லூரியில் முதுகெலும்பற்ற விலங்குகள் பாடம் எடுப்பவள். இந்த உறுப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது ஒரு தண்டனை. மேலிருந்து பார்த்தால் ஐந்து கை நட்சத்திரம், பக்கவாட்டில் பார்த்தால் தலைகீழ்க் கூம்பு, இரண்டையும் சேர்த்து மாணவர்கள் மனதில் ஓர் உருவம் வருவதற்குள் மணி அடித்துவிடும். நிஜ உறுப்பைக் காட்டலாம் என்றால், ஆய்வகத்தில் இருக்கும் மாதிரிகளில் அது விரல் நுனி அளவுதான். காய்ந்து தசை போனதும் துண்டு துண்டாகப் பிரிந்து கண்ணாடிக் குடுவையின் அடியில் சுண்ணாம்புப் பொடியோடு கிடக்கும். ஒரே கட்டியாக வார்த்த பிளாஸ்டர் மாதிரிகளும் கிடைக்கின்றன. பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் எதுவும் அசையாது. இந்த உறுப்பின் விசேஷமே அசைவுதான்.

பெட்டியைத் திறந்ததும் முதல் நல்ல விஷயம்: துண்டுகளின் எண்ணிக்கை. மலிவான மாதிரிகளில் ஐந்து தாடை, ஐந்து பல், பத்து துண்டோடு முடித்துவிடுவார்கள். இதில் நிஜ விலங்கில் இருப்பதுபோல நாற்பதும் உண்டு. அரைப்பிரமிடு பத்து, எபிஃபைசிஸ் பத்து, பல் ஐந்து, ரோட்டுலா ஐந்து, காம்பஸ் ஐந்து. ஒவ்வொரு காம்பஸும் இரண்டு துண்டு, ஆகக் கூட்டினால் கணக்கு சரியாக வரும். வகைக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். ரெசின் நல்ல கனம். ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள், கையைக் கிழிக்காது.

இந்த உதிரிப் பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். ரோட்டுலா என்றால் லத்தீனில் சின்னச் சக்கரம். எபிஃபைசிஸ் என்றால் கிரேக்கத்தில் மேலே வளர்ந்தது, அதாவது பிரமிடின் தலையில் முளைத்த துண்டு. காம்பஸ் நாம் வட்டம் போடும் காம்பஸேதான், வெளிமுனை இரண்டாகப் பிளந்திருப்பதால் அந்தப் பெயர். பழைய உடற்கூறியலாளர்கள் கண்ணில் பட்டதற்கெல்லாம் கையில் கிடைத்த சாமானின் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வரிசையில் கடைசியாக மொத்தக் கருவிக்கும் ஒரு விளக்கின் பெயர் கிடைத்திருக்கிறது. அந்தக் கதை பெரிய கதை, பின்னால் வருகிறேன்.

கோர்க்கும் வேலை. இரண்டு அரைப்பிரமிடுகளைச் சேர்த்தால் ஒரு பிரமிடு. கூர்முனை கீழே இருக்கும், ஏனென்றால் கடல் முள்ளெலியின் வாய் அடிப்பக்கம், அது தரையைப் பார்த்துத்தான் தின்னும். பிரமிடின் உட்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடுகிறது, பல் அதில் உட்காருகிறது. இப்படி ஐந்து பிரமிடுகளையும் வட்டமாக நிறுத்தி, தலையில் எபிஃபைசிஸ்களைப் பொருத்தி, அடுத்தடுத்த பிரமிடுகளுக்கு நடுவே ரோட்டுலாவைப் படுக்க வைக்க வேண்டும். ரோட்டுலா பொருந்தும் இடம்தான் இந்த மாதிரியின் உச்சம். இரண்டு பக்கமும் குழியும் மேடும் அவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது. துண்டை வைத்து லேசாக அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும், உட்கார்ந்த பிறகும் கீல் மாதிரி அசையும். பிரமிடின் நுனியை விரலால் வெளியே தள்ளிப் பாருங்கள், அதன் தலை உள்பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். தாடை திறப்பது என்றால் என்ன என்று அந்த ஒரு தள்ளலில் புரிந்துவிடும். வகுப்பில் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது இதைத்தான்.

கையேடு எங்கும் சொல்லவில்லை, ஆனால் இது கேமரோடோன்ட் வகை லாந்தர். ஒவ்வொரு பிரமிடின் தலையிலும் இருக்கும் இரண்டு எபிஃபைசிஸ்கள் நடுவில் சந்தித்து ஒரு பாலம் போட்டிருக்கின்றன, பல்லின் உட்புறத்தில் நீளவாக்கில் முதுகுபோல எழுந்த ஒரு மேடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த வகைதான். எல்லாக் கடல் முள்ளெலியிலும் இப்படி இருக்காது. பென்சில் போன்ற தடித்த முட்களுள்ள சிடராய்டுகளில் பல்லுக்கு முதுகு கிடையாது, எபிஃபைசிஸ்கள் சந்திப்பதும் இல்லை. இந்த ஒரு வரியைக் கையேட்டில் போட்டிருந்தால் கல்லூரி மாணவர்களுக்கு எவ்வளவோ உபயோகமாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, எல்லாக் கடல் முள்ளெலிகளுக்கும் இந்த உறுப்பு உண்டு என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அது தவறு. மண்ணுக்குள் புதைந்து வாழும் இதய முள்ளெலிகளுக்கு லாந்தரே கிடையாது. அவை மண்ணிலிருக்கும் துணுக்குகளைப் பொறுக்கித் தின்பவை, கடிக்கத் தேவையில்லை. தட்டையான மணல் டாலர்களுக்கு உண்டு, ஆனால் அதுவும் சப்பையாக அமுங்கிப் போயிருக்கும், வெளியே நீளாது.

தசைகளுக்குப் பதிலாக ரப்பர் வளையங்கள் தந்திருக்கிறார்கள். ஓட்டுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்தின் வாய் ஓரத்தில் உள்பக்கமாக ஐந்து வளைவுகள் நிற்கின்றன. நிஜ விலங்கில் இவற்றுக்கு ஆரிக்கிள் என்று பெயர், சின்னக் காது என்று பொருள். தசைகள் பிடித்துக்கொள்ளும் இடம் அது. பிரமிடின் தலையிலிருந்து வாய் ஓரத்துக்கு ஒரு சோடி வளையம், பிரமிடின் நுனியிலிருந்து ஆரிக்கிளுக்கு ஒரு சோடி வளையம், ஐந்து பிரமிடுக்கும் இப்படி. முதல் தொகுதியை இறுக்கினால் முழு லாந்தரும் வாய்க்கு வெளியே இறங்குகிறது. இரண்டாவதை இறுக்கினால் பற்கள் விரிகின்றன, லாந்தர் உள்ளே ஏறுகிறது. பிரமிடுகளுக்கு நடுவே பட்டையான ரப்பர் துண்டுகள் இருக்கின்றன, அவை சுருங்கும்போது ஐந்து பல்லும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. இறங்கு, விரி, கடி, ஏறு. பாறையில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவதும், சில இனங்கள் பாறையையே குடைந்து குழி போட்டுக்கொள்வதும் இந்த நாலு அசைவை வைத்துத்தான். இதைப் பார்த்துவிட்டுத்தான் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செவ்வாய் மண்ணை அள்ள ஒரு கொடுக்கை 2016இல் அச்சடித்துப் பார்த்தார்கள். கையில் மாதிரியை வைத்துக்கொண்டு யோசித்தால் அது ஒன்றும் விபரீத யோசனையாகத் தெரியவில்லை.

பற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதிரியில் பல்லை ஒட்ட வேண்டியதில்லை. பள்ளத்தில் சறுக்கி இறங்கும்படி விட்டிருக்கிறார்கள், மேல்முனையை அழுத்தினால் கீழே கொஞ்சம் நீளும். நிஜத்தில் நடப்பதும் இதுதான். பல் மேல்முனையில் ஒரு பைக்குள் மென்மையாகப் பிறக்கிறது, மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து கெட்டியாகிறது, நுனியில் தேய்கிறது. வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல் முழுவதும் கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே தாது. சுண்ணாம்புப் பல்லால் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டினால் பல் மழுங்க வேண்டாமா? மழுங்குவதில்லை. விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் பூபா கில்பர்ட் குழுவினர் ஊதாக் கடல் முள்ளெலியின் பல்லை வைத்து ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார்கள். பல்லுக்குள் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கரிமப் படலம் இருக்கிறது, அந்தப் படலம்தான் பலவீனமான இடம். தேய்ந்த தகடு அந்தக் கோட்டில் கழன்று விழ, அடியில் புது முனை தயாராக இருக்கும். மழுங்கிய நுனியை உடைத்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டை நீட்டிக்கொள்ளும் கட்டர் கத்தியின் அதே ஏற்பாடு. மாதிரியில் இதற்கு ஒரு சின்ன அடையாளமாவது வைத்திருக்கலாம். பல் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. மேல்முனையை மென்மையான ரப்பரில் செய்திருந்தால் போதும், நான் கை தட்டியிருப்பேன்.

இனி குறைகள். காம்பஸ் துண்டுகள் மிகவும் மெல்லியவை. நிஜத்திலும் அவை மெல்லியவைதான் என்று வாதாடலாம், ஆனால் நிஜத்தை மாணவர்கள் கீழே போடுவதில்லை. எங்களுடைய பெட்டியில் ஒன்று முதல் வகுப்பிலேயே முறிந்தது. அதைவிடப் பெரிய குறை, காம்பஸுக்கு ரப்பர் வளையமே தரவில்லை. அதனால் மேலே ஐந்து கம்பிகள் சும்மா அலங்காரத்துக்குப் படுத்திருப்பதுபோல் இருக்கிறது. நிஜத்தில் அவற்றை ஏற்றி இறக்கத் தனித் தசைகள் உண்டு. கடிப்பதற்கும் காம்பஸுக்கும் சம்பந்தம் குறைவு. லாந்தரைச் சுற்றியிருக்கும் உடற்குழி நீரை வாயைச் சுற்றியுள்ள செவுள்களுக்குத் தள்ளி இழுக்கும் பம்ப் அது, மூச்சு வேலை. தாடைக்கு மேலேயே மூச்சுப் பம்பை உட்கார வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டைக் காட்டாமல் விட்டது வருத்தம்தான். நான் மெல்லிய எலாஸ்டிக் நூல் கட்டிச் சமாளித்திருக்கிறேன்.

கோர்க்கும் வரிசையிலும் கையேடு உளறுகிறது. காம்பஸை மாட்டிவிட்டு அப்புறம் வளையங்களைக் கட்டச் சொல்கிறது. அப்படிச் செய்தால் விரல் உள்ளே போகாது. வளையங்களை எல்லாம் கட்டிவிட்டு, கடைசியாகக் காம்பஸ்.

சரி, பெயருக்கு வருகிறேன். கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு படம்: மண்ணெண்ணெய் ஊற்றி, கண்ணாடிச் சிம்னி போட்டு, கம்பிக் கைப்பிடி வைத்த லாந்தர். பக்கத்தில் கடல் முள்ளெலியின் தாடை. அடியில், ‘இந்த உறுப்பைக் கண்டுபிடித்த அரிஸ்டாட்டில், தன் விளக்கைப் போல இருந்ததால் இதற்கு லாந்தர் என்று பெயரிட்டார்’ என்று ஒரு வரி. மண்ணெண்ணெய் விளக்கு 19ஆம் நூற்றாண்டுச் சமாசாரம். அரிஸ்டாட்டில் கி.மு. 384இல் பிறந்து 322இல் இறந்தவர். நடுவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது, படம் போட்டவர் ஒரே தாண்டாகத் தாண்டியிருக்கிறார். படத்தைப் பார்த்த மாணவர்கள் சிம்னி எது, திரி எது என்று மாதிரியில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விளக்கின் உருவத்துக்கும் இந்த உறுப்புக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது, தேடினால் கிடைக்காது.

நடந்தது என்ன? அரிஸ்டாட்டில் பெயர் எதுவும் வைக்கவில்லை. கி.மு. 345 வாக்கில் அவர் லெஸ்போஸ் தீவில் இருந்தார். அங்கே பிர்ரா என்ற காயலில் (இன்றைய கல்லோனி வளைகுடா) கிடைத்த கடல் உயிர்களைப் பிரித்துப் பார்த்து எழுதியவை பல, ‘விலங்குகளின் வரலாறு’ என்ற அவருடைய நூலில் இருக்கின்றன. அதன் நான்காம் புத்தகத்தில் கடல் முள்ளெலி வருகிறது. உள்ளே ஐந்து பற்கள், நடுவே நாக்கு வேலை செய்யும் சதை, ஐந்தாகப் பிரிந்த வயிறு, எப்போதும் ஐந்தே இருக்கும் முட்டைத் தொகுதிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கண்ணால் பார்த்து எண்ணியவர் எழுத்து அது. அந்தப் பகுதியின் கடைசிப் பக்கமாக ஒரு வாக்கியம் வருகிறது. முள்ளெலியின் ‘அது’ ஆரம்பத்திலும் முடிவிலும் தொடர்ச்சியாக இருக்கிறது, மேற்பரப்பில் தொடர்ச்சியாக இல்லை, சுற்றிலும் தோல் இல்லாத விளக்கைப் போல இருக்கிறது என்று. அவ்வளவுதான். ஒரு உவமை. பின்னால் வந்தவர்கள் அந்த உவமையை எடுத்து உறுப்புக்குப் பெயராக ஒட்டினார்கள்.

அந்தக் கால விளக்குகளில் காற்றில் சுடர் அணையாமல் இருக்கச் சட்டத்தைச் சுற்றி ஒளி கசியும் மெல்லிய தோலோ, சீவிய கொம்புத் தகடோ வைப்பார்கள். 1910இல் இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டார்சி தாம்ப்சன் தானே ஒரு விலங்கியலாளர். அவர் ‘கொம்புத் தகடுகள் கழற்றப்பட்ட விளக்கு’ என்ற பொருளில் எழுதினார். மாதிரியைக் கோர்த்து முடித்துவிட்டு, பிரமிடுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் பட்டைகளைக் கழற்றிவிட்டு மேசையில் நிறுத்திப் பாருங்கள். மேலே ஒரு வளையம், கீழே ஒரு முனை, நடுவில் ஐந்து தூண், தூண்களுக்கு இடையே சந்து. தகடு கழற்றிய விளக்குச் சட்டம் அப்படியே நிற்கும். இந்த விஷயத்தில் மாதிரி தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு எல்இடி விளக்கும் பெட்டியில் தந்திருக்கிறார்கள், உள்ளே வைத்து எரியவிட. முதலில் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினேன், ஆனால் சந்துகளின் வழியாக ஒளி வரும்போது மாணவர்களுக்குப் பெயர் சட்டென்று பிடிபடுகிறது. இருக்கட்டும்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை, இதைத்தான் கையேட்டில் எதிர்பார்த்தேன். மேலே ‘அது’ என்று மழுப்பினேன் இல்லையா, அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்பதில்தான் சண்டை. நமக்கு வந்து சேர்ந்த கையெழுத்துப் பிரதிகளில் சிலவற்றில் ‘ஸ்தோமா’ என்று இருக்கிறது, வாய் என்று பொருள். சிலவற்றில் ‘ஸோமா’ என்று இருக்கிறது, உடல் என்று பொருள். பிரதி எடுத்த யாரோ ஒருவர் கைதவறி ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்துவிட்டார், அல்லது விட்டுவிட்டார். வாய் என்று படித்தால் விளக்கு என்பது தாடைக் கருவி. உடல் என்று படித்தால் விளக்கு என்பது முள்ளெலியின் முழு ஓடு, தாடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! 2008இல் கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் உள்ள பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர்கள் இருவர் ஒரு கட்டுரையில், அரிஸ்டாட்டில் உவமித்தது முழு உடலைத்தான் என்று வாதிட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம். சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தே ஆட்சேபம் கிளம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எது சரியென்று படுகிறது? வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தைப் பார்த்தால், முள்ளெலி தன் முட்களைக் கால்களாக வைத்து நகர்கிறது என்று வருகிறது. முட்கள் ஓட்டின் மேல் இருப்பவை. வெளி உடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் தாடை எதற்கு நடுவில் வர வேண்டும்? தாடையைச் சொல்வதாக இருந்தால் பற்களைச் சொன்ன இடத்திலேயே சொல்லி முடித்திருப்பார், அவர் அப்படித் தாவித் தாவி எழுதுகிறவர் இல்லை. இது ஒன்று.

இன்னொன்று விளக்கின் உருவம். 1977இல் தொல்லியலாளர் மனோலிஸ் ஆந்த்ரோனிகோஸ் வட கிரேக்கத்தின் வெர்கினாவில் மாசிடோனிய அரச கல்லறைகளைத் தோண்டியபோது, இரண்டாம் பிலிப்பின் கல்லறை என்று பலரும் கருதும் இடத்தில் ஒரு வெண்கல விளக்கு கிடைத்தது. உடல் முழுவதும் வரிசை வரிசையாகத் துளை போட்ட கூடு அது. உள்ளே அகலை வைத்தால் துளைகளின் வழியாக ஒளி வரும், தோலும் வேண்டாம் கொம்பும் வேண்டாம். அந்தப் பிலிப்தான் கி.மு. 343 வாக்கில் தன் மகன் அலெக்சாந்தருக்குப் பாடம் சொல்ல அரிஸ்டாட்டிலை வரவழைத்தவர். இப்படிப்பட்ட விளக்கை அரிஸ்டாட்டில் பார்க்காமல் இருந்திருப்பாரா?

பெட்டியில் வந்த எல்இடியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். முட்கள் உதிர்ந்து, தாடையும் கழன்று போன நிஜ ஓடு ஒன்று அங்கே இருந்தது. கதவைச் சாத்தி, வாய்த் துளையை விளக்கின் மேல் கவிழ்த்து வைத்தேன். ஓட்டில் குழாய்க் கால்கள் வெளியே வரும் நுண்துளைகள், உச்சியிலிருந்து வாய்வரை ஐந்து இரட்டைப் பட்டைகளாக ஓடும். பகலில் பார்த்தால் ஊசி குத்திய தடம் மாதிரி இருக்கும், கவனிக்கவே தோன்றாது. உள்ளே வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு துளையும் தனித்தனியாக எரிகிறது. உச்சியில் இனப்பெருக்கத் துளைகள் ஐந்தும் கூடத் தெரிகின்றன. மேல் முனையும் கீழ் முனையும் தொடர்ச்சி, நடுவில் மேற்பரப்பு முழுவதும் பொத்தல். கூட நின்ற மாணவி, “மேடம், இதுதானே விளக்கு, தாடையை எதற்கு விளக்கு என்கிறார்கள்?” என்றாள். “அப்போ தேர்வில் எதை எழுதுவது?” என்று இன்னொருத்தி. தாடை என்றே எழுதுங்கள் என்றேன். பெயர் எந்த வழியாக வந்திருந்தாலும் விலங்கியலில் அது தாடைக்குத்தான் நிலைத்துவிட்டது, அதை இனி யாரும் கழற்ற முடியாது. நான் ஸோமா கட்சி. ஆனால் ‘சுற்றிலும் தோல் இல்லாத’ என்ற சொற்கள் சட்ட விளக்குக்குத்தான் இன்னும் இயல்பாகப் பொருந்துகின்றன, எதிர்க்கட்சிக்கு அந்த ஒரு புள்ளியைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

இந்தச் சோதனையைப் பெட்டியில் வந்த கிண்ணத்தை வைத்துச் செய்ய முடியாது, அதில் ஒரு துளைகூடக் கிடையாது. வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். துளைகளோடு அச்சடிப்பது இவர்களுக்குப் பெரிய வேலையா என்ன? அந்த ஒரு துண்டை மாற்றி, மண்ணெண்ணெய் விளக்குப் படத்தை எடுத்துவிட்டு, இரண்டு வாசிப்பையும் அரைப் பக்கத்தில் சொல்லியிருந்தால், பெயரின் கதையை மாணவர்களே கையால் தொட்டு முடிவு செய்திருப்பார்கள்.

வாடிக்கையாளர் சேவை பற்றி: எங்களுக்கு வந்த பெட்டியில் ரோட்டுலா நான்குதான் இருந்தது. எழுதினேன், விடுபட்ட ரோட்டுலாவையும், முறிந்ததற்கு மாற்றாக ஒரு காம்பஸையும், கேட்காமலேயே கொஞ்சம் ரப்பர் வளையங்களையும் அனுப்பினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கையேட்டில் உள்ள பிழைகளை வரிசையாக எழுதி அனுப்பியதற்கு, ‘உங்கள் கருத்துக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்’ என்று வந்தது. உரிய பிரிவு இன்னும் வாயைத் திறக்கவில்லை.

யாருக்கு இது ஆகும்? முதுகெலும்பற்றவை நடத்தும் ஆசிரியர்களுக்குக் கண்டிப்பாக. இயந்திரவியல் படிப்பவர்களுக்கும், கொஞ்சம் கீலிலும் கொஞ்சம் தசையிலும் இவ்வளவு அசைவு எப்படி வருகிறது என்று பார்க்க. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், காம்பஸ் துண்டுகள் ஒரு நாள் தாங்காது, வளையம் கட்ட விரல் வலிமையும் போதாது. அலங்காரத்துக்கு மேசையில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பிளாஸ்டர் மாதிரியே வாங்கிக்கொள்ளலாம், தூசி துடைப்பது சுலபம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேலைக் குறிப்பு. பசை பெட்டியில் வராது. அரைப்பிரமிடுகளைச் சோடி சேர்க்கும் இடத்திலும், எபிஃபைசிஸ் அதன் மேல் உட்காரும் இடத்திலும் மட்டும் ஒட்டுங்கள். ரோட்டுலாவுக்கும் பல்லுக்கும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. எபிஃபைசிஸில் வலது இடது உண்டு, ஒட்டுவதற்கு முன் காய்ந்த நிலையில் ஒரு முறை முழுவதும் கோர்த்துப் பார்த்துவிடுங்கள்.